இன்றைய பந்தியில் ஆங்கிலம் கேட்கும்

அக்காவின் காரியத்துக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலர் சேரும்போது, பந்திக்கு இலை போட ஆரம்பித்திருப்பார்கள். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற பதைப்பில் எழுதுகிறேன்.

அக்கா பாரூரில் பிறந்தவர். ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம். சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்கார்ந்தவரில்லை. கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளிக்கு வந்தும் அப்படித்தான். ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனிப் பெண்களைக் கூடத்தில் உட்காரவைத்து, தான் மட்டும் நடந்துகொண்டே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பெண்களுக்கு வேலை அத்துப்படி. ஆனால், எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது, ஆயில் எவ்வளவு ஊற்றினாய் என்று இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் கேட்டால் வாய் கட்டிப்போகும். வேலை நிரந்தரமாகாமல் கான்ட்ராக்டிலேயே காலம் ஓடிவிடும். அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எங்கள் வீட்டு விசேஷங்களில் ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டுப் பரிமாற அவர்களில் ஐந்து பேரை அழைத்துவந்தார்.

என் மகளின் காதுகுத்தில், வீட்டில் கன்னடம் பேசும் மஞ்சுளா சோற்று வாளியோடு எங்கள் பெரியப்பா முன்னால் நின்று, "ஹவ் மெனி ரைஸ்?" என்றாள்.

"சோத்த எண்ணியாம்மா போடுவ? வடையத்தான் எண்ணலாம். சோத்துக்கு ஹவ் மச். திருப்பிக் கேளு," என்றார் அக்கா, நடுப்பந்தியில்.

"ஏம்மா, சாப்புட வந்தவனுக்குப் பரீட்சையா?" என்று சிடுசிடுத்தார் பெரியப்பா.

"பதில் சொன்னாத்தான் வடை, பெரீப்பா!"

புற்றுநோய் வந்து படுத்தபிறகும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அஞ்சு பேருக்கும் இன்டர்வியூ தேதி வந்துச்சாடா?" என்று என்னை நச்சரித்தார். தேதி வந்தபோது அக்கா இல்லை. கோபமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இரவு பகலாகப் பக்கத்திலிருந்த மாமாவுக்கும், ரத்தம் கொடுத்த அவருடைய கம்பெனி நண்பர்களுக்கும், சானமாவு ரோட்டில் யானை நிற்கிறது என்று தெரிந்தும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று உங்களுக்குப் பரிமாறுவது அந்த ஐந்து பெண்கள்தான். "கருமாதிச் சோத்துலயும் இங்கிலீசாடா?" என்று பெரியப்பா கேட்டார். ஆமாம் என்றேன். அவர்களுக்கு நாளைக் காலை இன்டர்வியூ. போதும் என்று இலைமேல் கையைக் காட்டிவிடாதீர்கள். வாய் திறந்து பதில் சொல்லுங்கள். தப்பாகக் கேட்டால் திருத்துங்கள். திருத்துவதற்கு அக்கா இல்லை.