பிரிண்ட் சர்வீஸ் எழும்பாத ஞாயிறு

குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள பிரிண்டிங் கடையில் வேலை செய்கிறேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் அதிகம் வரும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கம்ப்யூட்டர் காட்டும் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய பிரிண்டர் நின்றுபோனது. முதலாளி டேனியல் அண்ணன் புதிது ஒன்று கொண்டுவந்து வைத்தார். கடைக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். புதுப் பிரிண்டரைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் டிரைவர் பேக்கேஜை இன்ஸ்டால் கொடுத்தேன். கூடவே பிரிண்ட் சர்வீஸும் அப்டேட் ஆனது. அந்த சர்வீஸ் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால்தான் பிரிண்டருக்கு வேலை போகும். இன்ஸ்டால் பாதியில் நின்று, சர்வீஸ் failed என்று காட்டியது.

அப்போது ஓர் அம்மா வந்தார். கோவளம் பக்கம் மீன் விற்பவர். செல்போனை நீட்டினார்.

"என் புள்ளப்பா. எதிர்ல பொணவறையில கீறான். பைக்ல அடிபட்டு மூஞ்சிய மூடிக் கட்டிட்டாங்க. ஊர் சனம் பாக்க ஒரு படம் வோணும். வண்டி வந்துகினே கீது."

அண்ணன் என்னிடம் குனிந்தார். "இன்னாடா?"

"சர்வீஸ் எழும்பல அண்ணா."

"ரீஸ்டார்ட் பண்ணியா?"

"பண்ணிட்டேன்."

"பேஜார்டா. ஞாயித்துக்கெழம வேற கடையும் கெடையாது."

என்ன தப்பு நடந்தது என்று கம்ப்யூட்டர் எழுதிவைக்கும் லாகைத் திறந்தேன். No space left on device என்று இருந்தது. டிஸ்க் முழுக்க நிரம்பிவிட்டது. சர்வீஸ் தன் ஃபைலை எழுதக்கூட இடமில்லை. எங்கள் கடையில் இறந்தவர் ஃபைலை அழிப்பதில்லை. பதினாறாம் நாளுக்கும் வருஷ நினைவுக்கும் வீட்டார் திரும்ப வருவார்கள். பழைய இன்ஸ்டால்கள் விட்டுவைத்த பேக்கேஜ் கேஷைத் துடைத்துப் பார்த்தேன், போதவில்லை. பென்டிரைவ்களும் நிரம்பியிருந்தன.

"பழசு எதையாவது தூக்குடா," என்றார் அண்ணன்.

அந்த அம்மா கேட்டுவிட்டார். "இன்னாத்த தூக்குற? செத்தவங்க படமா? வேணாம்பா. என் புள்ளைக்காக இன்னொருத்தி புள்ளைய அழிக்காத."

வெளியே ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது.

டிஸ்க்கில் என் தம்பியின் ஃபோல்டரும் இருந்தது. அவன் இறந்தபோது போஸ்டரை நானே செய்தேன். மனசுக்கு ஒன்றும் பிடிக்காமல் மாற்றி மாற்றிச் செய்து, எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன். அவனுடைய நல்ல படம் இருந்ததும் அதில்தான். அந்த ஃபோல்டரைக் கேட்டுக் கடைக்கு யாரும் வரப்போவதில்லை. அதை அழித்தேன். சின்னப் படம் ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"டேய், அது..." என்றார் அண்ணன்.

நின்ற இன்ஸ்டாலை மறுபடி ஓட்டினேன். சர்வீஸ் எழுந்தது. செல்போன் படத்தை ஏற்றி, பெயரும் வயதும் கேட்டு அடித்து, பிரிண்ட் கொடுத்தேன்.

"மை காயட்டும்மா."

"அது காய்றதுக்குள்ள வண்டி பூடும்பா." இரண்டு கையாலும் ஏந்தியபடி ரோட்டைக் கடந்தார். ஆம்புலன்ஸ் டிரைவரிடம் அவர் சொன்னது கடை வரை கேட்டது. "சிரிக்கிறான் பாரு. கண்ணாடில நல்லா தெரியறாப்ல ஒட்டு."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இன்ஸ்டாலில் சர்வீஸ் எழும்பவில்லை என்றால் ரீஸ்டார்ட் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். லாகைப் படியுங்கள். இன்ஸ்டால் கொடுப்பதற்கு முன்பே df -h போட்டு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் இப்போது தனியாக ஒரு டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறோம்.

இந்த வருஷம் தம்பியின் நினைவு நாளுக்குத் தெருவில் போஸ்டர் ஒட்டவில்லை. என் அம்மா ஏன் என்று கேட்டார். பிரிண்டர் ரிப்பேர் என்று சொன்னேன்.