அவர் சொன்ன கடல்

மகள் சென்னைக்கு ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போனபோது அவளுடைய பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். கணவர் சவுதிக்குப் போய் அப்போது மூன்றாவது வருஷம். மரக்காணத்தில் உப்பு லாரி ஓட்டியவர், அங்கே தண்ணீர் லாரி ஓட்டப் போனார். எனக்கு அங்கன்வாடியில் வேலை. மதியம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், மறுநாள் காலைவரை என் குரல் எனக்கே கேட்காது.

"அம்மா, கம்ப்யூட்டர்ல சேட்டிலைட் மேப் போட்டுக்கோ. நம்ம வீடே மேலேர்ந்து தெரியும். உனக்கும் பொழுது போவும்" என்றாள் மகள், ஒரு நாள் போனில்.

அவள் சொல்லச் சொல்ல எதையெதையோ அழுத்தினேன். மேப் கம்ப்யூட்டரில் இறங்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கறுப்புத் திரையில் பூமி உருண்டை வந்து நின்றது. மவுஸின் சக்கரத்தை உருட்டினேன். உருண்டை சர்ரென்று கிட்டே வந்து, திரை முழுக்க நீலமாகிவிட்டது.

"ஒண்ணுமே இல்லடி. நீலமா இருக்குது."

"கடல்ல வுழுந்துட்டம்மா. சக்கரத்த பின்னாடி உருட்டு. மேல கட்டம் இருக்குது பாரு, அதுல ஊர் பேர அடி."

ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். உப்பளம் வந்தது. சில பாத்திகள் வெள்ளை, சில பழுப்பு. ஈசிஆர் ரோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போய் எங்கள் தெருவைப் பிடித்தேன். மாடியில் தண்ணீர் டேங்க் கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது. அதற்குள் மகளுக்கு வகுப்பு ஆரம்பித்துவிட்டது, போனை வைத்துவிட்டாள். "இதான் நம்ம வீடு" என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க யாருமில்லை.

கணவர் இருக்கும் இடத்தையும் பார்க்க ஆசை வந்தது. சவுதிக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் கருவாடு கொடுத்தனுப்பியபோது எழுதி வாங்கிய விலாசம், காலண்டருக்குப் பின்னால் இருந்தது. "ரூமுலேர்ந்து கொஞ்ச தூரம் நடந்தா கடல். சாயங்காலமானா போய் உக்காந்துட்டு வருவேன்" என்று அவர் போனில் அடிக்கடி சொல்வார். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டால் எனக்கு மனசு ஆறும்.

விலாசத்தை அடித்தேன். மண் வந்தது. நீளநீளமான கூரைகள், வரிசையாக லாரிகள், ஒரே ஒரு ரோடு. தப்பாக அடித்துவிட்டேனென்று மறுபடியும் அடித்தேன். அதே இடம். சக்கரத்தைப் பின்னால் உருட்டிக்கொண்டே இருந்தேன். பாதி நாடு திரைக்குள் வந்த பிறகுதான் ஓரத்தில் நீலம் தெரிந்தது.

அவருக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமை மதியம் வழக்கம்போல் கூப்பிட்டார். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

"நேத்து கடலுக்குப் போனீங்களா?"

"போனேனே. நல்ல காத்து."

"நான் கம்ப்யூட்டர்ல மேப்பு பார்த்தேங்க. அங்க கடலே இல்ல."

அங்கே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"சுத்தி மணலுதான்" என்றார் பிறகு. "வந்த புதுசுல நீ போன்ல அழுதியே, அப்ப வாயில வந்துடுச்சு. அப்பறம் மாத்திச் சொல்ல முடியல."

"அப்ப சாயங்காலம் எங்கதான் போவீங்க?"

"எங்க போறது? கட்டில்ல படுத்துக்கினு இருப்பேன். ரூமுல தமிழ் பேசுற ஆளு ஒருத்தனும் இல்ல."

எனக்குக் கோபம் வரவில்லை. தெருப் பெண்கள் தினமும் வந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நானும்தான் அவரிடம் சொல்லி வந்தேன்.

"இங்கயும் யாரும் வர்றதில்லங்க" என்றேன்.

அவர் 'ம்' என்றார். "அதுல நம்ம ஊரு தெரியுதா?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டரைப் போட்டு, தெரிந்ததையெல்லாம் சொன்னேன். உப்பு குவித்திருக்கிறார்களா என்று கேட்டார். லாரி நிற்கும் இடத்தைக் கேட்டார். பிறகு, "கெழக்கால போ" என்றார். போனேன். மணலில் படகுகள் அரிசி அரிசியாகக் கிடந்தன. அதற்கப்பால் கடல்.

"வந்துடுச்சுங்க."

"கொஞ்ச நேரம் அங்கயே இரு" என்றார்.

ஒப்பந்தம் முடிய அவருக்கு இன்னும் பதினாலு மாதம் இருந்தது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் பொய் சொல்லிக்கொள்ளவில்லை. சில வாரம் சொல்வதற்கு இருவருக்குமே ஒன்றும் இருக்காது. போனை மட்டும் வைக்க மாட்டோம்.