முந்திரி விரலும் நீல நகமும்

கொரோனாவின் இரண்டாவது அலையில், ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய் நோயாளிகளின் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுவது என் வேலை. ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்காக. வீட்டிலேயே இருக்கும் நோயாளிக்கு எத்தனையாவது நாளில் ஆக்சிஜன் இறங்குகிறது என்று கண்டறிய வேண்டும். நர்சிங் படித்துவிட்டு வந்த எனக்கு அந்தக் குட்டி மிஷின் மேல் அசாத்திய நம்பிக்கை. மனுஷன் பொய் சொல்வான், மிஷின் சொல்லாது என்று வீட்டில்கூட அளந்துகொண்டிருப்பேன்.

முதல் வாரமே மூக்கு உடைபட்டது. முந்திரி உடைக்கும் ஓர் அக்கா. வறுத்த கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு, மிஷினில் எண்பத்திரண்டு. அவரோ துணி அலசியபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய் நூற்றியெட்டைக் கூப்பிட்டேன். தெருவே வேடிக்கை பார்க்க வண்டியில் ஏற்றிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் காது மடலில் வைத்துப் பார்த்தால் தொண்ணூற்றேழு. கறைதான் மிஷினை ஏமாற்றியிருந்தது.

திரும்பி வந்தவர் என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். “உங்களால ஊருக்கே தெரிஞ்சுபோயி, என் வூட்டு வாசல்ல தகரம் அடிச்சுட்டாங்க நர்சம்மா. கொழாயடியில எங்க கொடத்த வைக்க விட மாட்டேங்கறாங்க.”

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகுமா? ஆம்புலன்ஸ் என்றாலே எனக்கு உதறல். கொஞ்ச நாள் காது மடலிலும் வைத்துப் பார்த்தேன். கவச உடைக்குள் வேர்வை ஆறாக ஓட, அதுவும் சலித்துப்போனது. கறுத்த விரலைக் கண்டால் படிவத்தில் ‘முந்திரிக் கறை’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன். எல்லாம் தெரிந்துவிட்ட திமிர், வேறென்ன.

இரண்டு வாரத்தில் அந்த அக்கா தேறிவிட்டார். அடுத்த வீட்டிலிருந்த அவருடைய ஓரகத்திக்குக் கொரோனா. அவளும் முந்திரி உடைக்கிறவள்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, “நல்லாத்தான் இருக்கேங்க” என்றாள். மூச்சு வாங்குவதாகவும் தெரியவில்லை. மிஷினில் எண்பத்தொன்று. ‘முந்திரிக் கறை’ என்று எழுதினேன்.

வாசலில் நின்ற அக்கா உள்ளே வந்து, ஓரகத்தியின் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்க கறை இல்லீங்க. கறை தோல்ல இருக்கும், நகத்து ஓரமா புடிச்சிருக்கும். இவளுக்கு நகத்துக்கு அடியில நீலம் பூத்திருக்கு. ஒதட்டையும் பாருங்க.”

“வண்டியக் கூப்புட்டா அன்னிக்கு மாதிரி ஆயிடுமோன்னு பாக்குறேங்க” என்றேன்.

“ஆனா ஆயிட்டுப் போவுது. என்னைய ஏத்துனீங்கல்ல, இவளையும் ஏத்துங்க.”

மிஷினைக் காது மடலுக்கு மாற்றினேன். எண்பது. உடனே நூற்றியெட்டைக் கூப்பிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அடுத்த வீட்டில் இருந்திருப்பேன்.

அவள் ஆக்சிஜன் படுக்கையில் பல நாள் கிடந்து பிழைத்து வந்தாள். அதுவரை அந்தப் படிவம் என் பையிலேயே கிடந்தது. புதிதாக வேறொன்று எழுதிவிடலாம் என்று கை துறுதுறுத்தது. யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஆராய்ச்சிப் படிவத்தில் தவறை அழிக்கக் கூடாது. பழைய சொல் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்படியே செய்து, அவளைப் பார்க்கப் போனபோது எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். கூட இருந்த அக்கா படிவத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அடிச்ச பின்னாலயும் நல்லா தெரியுதே.”

“தெரியணுங்க. அதான் விதி.”

“அது சரி. நான் சொன்னத எழுதுனீங்களா?”

எழுதியிருக்கவில்லை. ‘காது மடலில் மறுபரிசோதனை, எண்பது’ என்று நானே கண்டுபிடித்த மாதிரி எழுதியிருந்தேன். அதன் மேல் இன்னொரு கோடு போட்டேன். ‘நகத்தின் நீலத்தைக் கண்டு சொன்னவர் நோயாளியின் ஓரகத்தி. அதன் பிறகே காது மடலில் பார்த்தேன், எண்பது’ என்று அவர் முன்னாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.