கோத்தா திங்கி படிகம்

என் கணவர் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கி ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரியில் பாறையில் துளை போடும் வேலை பார்த்தார். ஒரு நாள் வெடி வைத்த பிறகு பாறைக்குள் ஒரு பொந்து திறந்துகொண்டதாம். அதற்குள் இருந்ததைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். முழங்கை நீளப் படிகம். அடியில் பால் வெள்ளை, மேலே போகப் போகக் கண்ணாடித் தெளிவு. ஆறு பட்டை, உச்சியில் கூர்மை. யாரோ செதுக்கியது என்றே நினைத்தேன்.

"செதுக்கலம்மா. கல்லுக்குள்ள தானா வளந்தது" என்றார். முதலாளியே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

பல வருஷம் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து வடிந்த பிறகு, அவர் சேற்றில் முதலில் தேடியது அதைத்தான். கழுவித் துடைத்தவர், இனி இது இங்கே இருக்கவேண்டாம் என்று முடிவெடுத்து, கோலாலம்பூரில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு இருமல் வந்தது. புகை என்றோம், சளி என்றோம். மாடிப்படி ஏற முடியாமல் போனதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரும் தமிழ்ப் பெண்தான்.

"நுரையீரல் முழுக்க கல்லுத்தூசி அங்கிள். குவார்ட்ஸ் தூசி. உள்ள படிஞ்சா வெளிய எடுக்க முடியாது."

"குவார்ட்ஸுன்னா... படிகக் கல்லா டாக்டர்?" என்று அவர் கேட்டார்.

"அதேதான்."

சில வாரம் கழித்து அவர், "அதை ஒரு தடவ பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டார்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் லீவு போட்டு வந்து காரை ஓட்டினாள். ஆக்சிஜன் சிலிண்டர் என் மடியோரம். அங்கே படிகம் கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. வீட்டில் இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கீழே அட்டையில் 'குவார்ட்ஸ், ஜொகூர்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

"அப்பா பேரு எங்க?" மகள் அலுவலகத்தைத் தேடிப் புறப்பட்டாள். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடும்மா. பாக்க வந்தோம், பாத்தாச்சு."

எனக்கு அந்தக் கல்லைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "உங்களுக்குக் கோவமே வரலியா?" என்றேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "இது என்னா பண்ணுச்சு? குவாரியில மாஸ்க் கேட்டப்போ துணியக் கட்டிக்கோன்னு சொன்னாங்களே, அவங்க மேல வருது லா. கல்லு மேல எதுக்கு?"

அங்கிருந்த பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பள்ளிப் பிள்ளைகள் பெட்டியைச் சூழ்ந்துகொண்டபோது, அவர்களுக்கு இடறக் கூடாதென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்தத் தீபாவளிக்கு அவர் இல்லை.

பெயர் போடச் சொல்லி மகள் இன்னும் போன் செய்கிறாள். பார்க்கிறோம் என்கிறார்களாம். எனக்கு அங்கே மறுபடி போகத் தோன்றவில்லை. அவர் மூச்சிரைப்பு கேட்காத வீட்டில் தூக்கம்தான் இன்னும் வரவில்லை.