ஒரு விரல் எண்ணெய்

எங்கள் வத்தேகம மாதா கோவிலில் சுரூபங்களைக் கழுவித் துடைக்கிறவள் றீற்றா. இருபத்தாறு வருடமாக இதே வேலை. (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) வெள்ளிக்கிழமைகளில் வாளியும் துணியுமாக வந்து, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற அதட்டலோடு வியாகுல மாதாவைத் துடைப்பாள். சனங்கள் தொட்டுத் தொட்டு, தொட்ட விரலை உதட்டில் வைத்து முத்தி செய்து மாதாவின் கால்விரல்களில் பெயின்ட் தேய்ந்துவிடும். றீற்றா கைக்காசில் கியூடெக்ஸ் வாங்கி நகங்களுக்குப் பூசிவிடுவாள். "மாதா என்ன கலியாணத்துக்கா போறா?" என்று ஃபாதர் ஒருமுறை கேட்டார். "போனா என்னங்க ஃபாதர்?" என்றாள். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அவள் புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். புருஷன் ஜொனி லொறி விபத்தில் போனபின் கைக்குழந்தையோடு இங்கே வந்து சேர்ந்தாள். அந்தக் குழந்தை எஸ்ரன் வளர்ந்து ஐரோப்பாவில் ஒரு தலைநகருக்குப் போனான். அந்த ஊரின் பெயர் றீற்றாவின் வாயில் இன்றுவரை நுழையவில்லை. அங்கே தேசிய ஓவியக்கூடத்தில் அவனுக்குத் துப்புரவு வேலை. அம்மாவுக்குக் கோவில், மகனுக்கு ஓவியக்கூடம். துடைப்பம்தான் எங்கள் ஆட்களுக்குப் பரம்பரைச் சொத்து என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவன் போய் நாலு வருடம் முடிந்திருந்தது. இன்னும் மூன்று மாதம் அதே வேலையில் இருந்தால் நிரந்தர விசா. வேலை போனால் எல்லாம் போய்விடும். இதை அவளிடம் மூன்று தரம் சொன்னவள் நான். அவளுடைய பயணப் பத்திரங்களை நிரப்பிக் கொடுத்ததும் நான்தான்.

மகன் பிளேன் ரிக்கற் அனுப்பிக் கூப்பிட்டான். "மகன் விசாவுக்கு நேர்த்தி வைக்கணும் டீச்சர்" என்று கோவிலில் ஆசீர்வதித்த எண்ணெயைச் சின்ன மருந்துப் போத்தலில் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

போய் இறங்கிய அன்றே அவனுடைய அறையைப் பார்த்தாள். நாலு பேருக்கு இரண்டு கட்டில். ஒருவன் எழும்பினால்தான் மற்றவன் படுக்கலாம். தரை துடைக்கிற மருந்துத் தண்ணீரில் ஊறி எஸ்ரனின் உள்ளங்கைகள் வெடித்திருந்தன. "குளிருக்கு அப்பிடித்தாம்மா" என்று சொல்லி அவன் கையை மறைத்தான்.

அவனுடைய லீவு நாளில், வேலையாட்களுக்குக் கொடுக்கிற பாஸில் அம்மாவை ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப்போனான். தான் துடைக்கிற தரையில் அம்மா செருப்போடு நடக்கவேண்டும் என்று அவனுக்கு ஆசை. வாசலிலேயே சொன்னான்: "எதையும் தொடக்கூடாதும்மா. கையப் பின்னால கட்டிக்கங்க." பள்ளிக்கூடப் பிள்ளைபோல் அவளும் கட்டிக்கொண்டாள். குதிரை, பழக்கூடை, பெரிய மீசைத் துரைமார் எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தாள். துணியில்லாத பொம்பளைகளின் படங்கள் வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தாள்.

ஐந்தாவது அறையில் சுவர் நிறைய ஒரு படம். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தியிருந்தாள் மாதா. எஸ்ரனுக்குப் போன் வந்தது, ஒதுங்கிப் போனான். றீற்றா படத்தின் பாதங்களைப் பார்த்தாள். வெளிறி, வறண்டு கிடந்தன. ஒருவர்கூடத் தொட்டதில்லை என்று அவளுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. பின்னால் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. போத்தலைத் திறந்து, ஒரு விரல் எண்ணெய் எடுத்து, அந்தப் பாதத்தில் தடவி, விரலை முத்தி செய்தாள்.

மணி அடித்தது. பூசையில் ஃபாதர் அப்பத்தை உயர்த்தும்போது மணி அடித்தால் முழந்தாளிடுவது எங்கள் வழக்கம். றீற்றாவும் முழந்தாளிட்டாள். காவலர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவள் உதட்டில் விரலை வைத்து அவர்களைச் சத்தம் போடவேண்டாம் என்றாள்.

அவளை ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிட்டார்கள். பாஸ் கொடுத்துக் கூட்டிவந்தவனை விடவில்லை. அடுத்த நாளே துப்புரவுக் கம்பனி அவனை நிறுத்தியது. விசா முடிந்து ஆவணியில் ஊருக்கு வந்துவிட்டான்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையில் வேலைக்குச் சொல்லிவைத்தேன், ஒரு நாள் போனான். மடவளையில் இல்ஹாம் முதலாளியிடம் சொன்னேன், அங்கே போகவே இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அம்மாவை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவள் கொஞ்சம் தேறியிருப்பாள்.

போன வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனேன். மாதாவின் கால்விரல்கள் வெறுமையாக இருந்தன. றீற்றா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுரூபத்தின் பக்கம் போகவில்லை. எனக்கு அடக்கி வைத்திருந்த கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விசாவுக்கு நேர்த்தி வைக்கப் போயி விசாவையே தொலைச்சிட்டு வந்திருக்கியே, றீற்றா!"

அவள் துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள்.

"விசா கேக்கலீங்க டீச்சர்."

"பிறகு?"

"கேக்கத்தான் போனேன். அந்த ரூமு, அவன் கையி, எல்லாம் கண்ணுக்குள்ளயே நின்னிச்சி. அங்க படத்துல பாத்தா மாதா மகன் அவ மடியில கெடக்கான். எனக்குப் பொறாமையாப் போச்சிங்க. 'ஒன் புள்ள ஒங்கிட்ட இருக்கான், என் புள்ளய எங்கிட்டக் குடுத்துரு'ன்னு கேட்டுட்டேன்."

எனக்கு ஏன்தான் கோபப்பட்டேனோ என்று வெட்கமாக இருந்தது.

றீற்றா மாதாவை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "கேட்டதக் குடுத்துட்டா டீச்சர். அவ புள்ள கெடந்த மாதிரியே குடுத்துட்டா."