தாராவி ஏற்றிவிட்ட தரவரிசை

1. ரெக்கார்ட் ரூம் பயம்

பல்கலைக்கழகத்தின் தரவரிசை வேலையைப் பார்க்கிற ரேங்கிங் செல்லில் முதல் நாளே எனக்கு நல்ல வரவேற்பு. டைரக்டர் சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த வருஷமும் உலகத் தரவரிசைப் பட்டியலில் நம் பல்கலைக்கழகத்தின் பெயர் வராவிட்டால் செல்லை மூடிவிட்டு வேலையை வெளி ஏஜென்சிக்குக் கொடுத்துவிடுவார்கள், நீங்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான் என்றார். பழைய இடம் என்றால் ரெக்கார்ட் ரூம். பதினோரு வருஷம் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் நான். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதையும் தும்மிக் கழிக்க எனக்கு இஷ்டமில்லை. உள்ளதைச் சொல்கிறேன், பல்கலைக்கழகத்தின் மானம் மரியாதை என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு விளக்கம். ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு மார்க் உண்டு, ஆசிரியர் எண்ணிக்கைக்கு உண்டு. அதுபோக, தரவரிசை போடுகிறவர்கள் வேலை கொடுக்கிறவர்களிடமும் மெயிலில் சர்வே அனுப்பிக் கேட்பார்கள்: எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களை விரும்பி எடுக்கிறீர்கள்? யாரைக் கேட்கலாம் என்று நாம் ஒரு லிஸ்ட் கொடுக்கலாம். லிஸ்டில் இருப்பவர்களின் சம்மதம் வாங்க வேண்டும். ஆனால் என்ன எழுத வேண்டும் என்று மூச்சுவிடக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் நாங்கள் தட்டுத்தடுமாறி மேலே வந்துகொண்டிருந்தோம். வேலை கொடுக்கிறவர்கள் போடும் இந்த ஒரு மார்க்கில் மட்டும் வருஷா வருஷம் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

2. பதில் போடாத பெரிய மனிதர்கள்

பழைய லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். மும்பை பாந்த்ரா குர்லா பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் இருக்கும் பெரிய கம்பெனிகளின் எச்.ஆர். தலைவர்கள்தான் எல்லாரும். ஒரு வாரம் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் போன் போட்டேன். பாதிப் பேர் அந்தக் கம்பெனியிலேயே இல்லை. ஒரு அம்மாள், இந்த மாதிரி மெயிலெல்லாம் நேரே குப்பைக்குப் போய்விடும் என்று இங்கிலீஷில் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் டீ ஆறிப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து பஸ் பிடித்து தாராவிக்குப் போனேன். தங்கை பேரனுக்கு ஒரு ஸ்கூல் பை வாங்க வேண்டியிருந்தது. சொர்ணம் அண்ணாச்சி கடை நான் பிறந்த சந்துக்கு அடுத்த சந்து. முன்னால் கடை, பின்னால் தோல் பை தைக்கிற பட்டறை. ஜெர்மனி வரைக்கும் சரக்கு போகிறது. கம்ப்யூட்டர் முன்னால் ஃபர்ஸானா என்ற பெண் ஷிப்பிங் பேப்பர் அடித்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் என்னம்மா படித்தாய் என்று கேட்டேன். பி.காம்., சயான் பக்கத்தில் ஒரு காலேஜ் என்றாள். அந்தக் காலேஜ் எங்கள் பல்கலைக்கழகத்தில் இணைந்தது. பக்கத்துப் பட்டறை அக்கவுண்டன்ட் எங்கள் எம்.காம். சாயம் கலக்கிற இடத்தில் ஒரு பையன் எங்கள் கெமிஸ்ட்ரி பி.எஸ்ஸி. பையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்தப் பட்டறை முதலாளிகளையே லிஸ்டில் போடலாம் என்று திங்கட்கிழமை டைரக்டர் சாரிடம் சொன்னேன். அவர் மாட்டுங்காக்காரர், மூன்று தலைமுறையாக பம்பாய், கோபம் வந்தால்தான் தமிழ் வரும்.

"என்ன சொல்றேள் செல்வி மேடம்? தோல் பட்டறைக்காரா பேரெல்லாம் போட்டு அனுப்பினா வெளியில நம்மள யாரு மதிப்பா?"

"இப்ப யார் சார் மதிக்கிறா?" என்று கேட்டுவிட்டேன்.

ரெக்கார்ட் ரூம் சாவியை அன்றைக்கே கையில் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆளுக்கு ஆள் கையெழுத்துப் போட்ட சம்மதம் வேண்டும், ஒன்று குறைந்தாலும் தன் கையெழுத்து கிடையாது என்றார். ஐந்து சனிக்கிழமை நடந்தேன். தாராவி, ஆண்டாப் ஹில், செம்பூர் என்று தோல், துணி, பிளாஸ்டிக் எல்லாப் பட்டறையும் ஏறி இறங்கினேன். செருப்பு அறுந்தது, அண்ணாச்சியே ஒரு ஜோடி கொடுத்தார். காசு கொடுத்துத்தான் வாங்கிக்கொண்டேன்.

3. வாயை மூடிக்கொண்ட கால் மணி நேரம்

மூன்று மாதம் கழித்து அண்ணாச்சி அவசரமாக வரச்சொல்லி போன் செய்தார். சம்மதத்தில் ஏதோ சிக்கல் என்று அடித்துப்பிடித்துப் போனேன். போனால் சர்வே மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஏ செல்வி, இதுல என்னமோ கேக்கான். நீயே தட்டிரு, எனக்குச் சோலி கெடக்கு."

நான் தொடக்கூடாது, எதுவும் சொல்லவும் கூடாது அண்ணாச்சி, உங்களுக்குத் தோன்றுவதைப் போடுங்கள் என்றேன். இதென்ன கூத்து என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஃபர்ஸானாவைக் கூப்பிட்டார். போன மாதம் கப்பலில் மாட்டிக்கொள்ள இருந்த ஒரு லோடை பேப்பரைச் சரிபண்ணிக் காப்பாற்றியவள் அவள்தான். அவள் படித்த இடத்தையே போடுவோம் என்று காலேஜ் பெயரை ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தார்.

வருஷா வருஷம் பூஜ்யம் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. மும்பையில் எவரும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லுவதே இல்லை. எங்கே படித்தாய் என்றால் காலேஜ் பெயர்தான் வரும். அந்தப் பெரிய கம்பெனிகள் பதில் போட்டிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பார்கள். காலேஜ் பெயர் கணக்கிலேயே வராது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் நான் எழுதச் சொன்னதாக ஆகிவிடும். எழுந்து வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

உள்ளே ஃபர்ஸானா முதலாளியிடம் ஹிந்தியில் சொல்வது கேட்டது. சேட், டிகிரி காலேஜ் கொடுப்பதில்லை, யுனிவர்சிட்டிதான் கொடுக்கிறது. போனில் இருந்த சர்டிபிகேட் போட்டோவைக் காட்டியிருக்கிறாள். அண்ணாச்சி வாசல் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஏட்டி, இது ஒங்க ஆபீஸா? முன்னாலயே சொல்ல வேண்டியதுதான?"

நான் திரும்பவில்லை. காலேஜ் பெயரை அழித்துவிட்டு அவர் மறுபடி ஒரு விரலால் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் டைரக்டர் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். எதையும் விடாமல் ஃபைலில் எழுதி வையுங்கள் என்றார். எழுதினேன். பட்டறைக்காரர்களின் வாட்ஸாப் குரூப்பில், எழுதுமுன் அவரவர் ஆளின் சர்டிபிகேட்டைப் பாருங்கள் என்று அண்ணாச்சி தாமாகவே போட்டது பிற்பாடுதான் தெரிந்தது. அதையும் எழுதி வைத்தேன்.

4. வந்தது பெயர்

பட்டியல் வந்த அன்று காலை பதினோரு மணி. டைரக்டர் சார் அறையிலிருந்து என் மேஜைக்கு ஓடியே வந்தார், அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை. முதல் தடவையாக எங்கள் பெயர் இருந்தது. ஆயிரத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான், இருக்கட்டுமே! எங்களுக்குக் கிடைத்ததிலேயே அதிக மார்க் வேலை கொடுப்பவர்கள் போட்டது. மீட்டிங்கில் துணைவேந்தர், யார் இந்த எம்ப்ளாயர்ஸ் என்று கேட்டார். டைரக்டர் சார் என்னைக் கை காட்டி, இவர்தான் சொல்ல வேண்டும், நான் வேண்டாம் என்றவன் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்மீது இருந்த கோபமெல்லாம் எனக்குப் போயிற்று.

செல்லை மூடவில்லை. நான் அதே நாற்காலியிலிருந்துதான் ஓய்வு பெற்றேன், ஒரு தும்மல்கூட இல்லாமல்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். லிஸ்ட் போடும்போது யார் பெரியவர்கள் என்று பார்க்காதீர்கள். நம் பிள்ளைகள் யாரிடம் வேலை பார்க்கிறார்கள் என்று நடந்து போய்ப் பாருங்கள். போய்விட்டு, வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.

பட்டியல் வந்த அன்று சாயங்காலம் இனிப்பு வாங்கிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். முதல் துண்டு ஃபர்ஸானாவுக்கு. எத்தனாவது இடம் என்று அண்ணாச்சி கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"ஆயிரத்துக்கு மேலயா? இதுக்கா இம்புட்டு அலைச்சல்?"

உலகம் முழுவதும் எத்தனை பல்கலைக்கழகம் இருக்கிறது தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"சரி சரி, அடுத்த வருசமும் கேக்கச் சொல்லு. இந்தப் புள்ள இங்க இருக்குற வரைக்கும் நான் மாத்தி எழுத மாட்டேன்."

ஃபர்ஸானா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அப்படியென்றால் சம்பளத்தைக் கூட்டுங்கள் சேட் என்றாள்.