மேவிஸின் முன்முடி

மேவிஸ் யாரைப் பார்த்தாலும் முதலில் கூந்தலைத்தான் பார்ப்பாள். "உன் முடி நல்லா நேரா இருக்கு, கொஞ்சம் குடேன்" என்று கேட்கும்போதே மீன் அறுக்கும் கத்தி கைக்கு வந்துவிடும். வட ஆஸ்திரேலியாவில் எங்கள் ஆர்னம் லேண்ட் கடற்கரையில் அவளிடம் முடி இழக்காத பெண் கிடையாது. அந்த முடியைக் குச்சியில் கட்டினால் தூரிகை. காவி மண் குழம்பில் தோய்த்து மரப்பட்டையின்மேல் படுக்கவைத்து இழுத்தால் நூலிழை போலக் கோடு விழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருக்கை நீந்தத் தொடங்கிவிடும்!

தன் முடியை மட்டும் தொடமாட்டாள். நகரத்து ஓவியக்கூடத்தில் முதல்முறையாக அவள் வரைந்த பட்டையை மாட்டப்போகிறார்கள். அவள் பின்முடி சுருட்டை; நேராக விழும் முன்முடியைத் திறப்புவிழாவுக்கென்றே வளர்த்தாள். நண்டு பிடிக்கப் போனால்கூடத் துணி கட்டிக் காத்தாள். "போட்டோல நான் ராணி மாதிரி நிக்கணும்டி!" என்பாள் என்னிடம்.

பட்டையை ஏற்றிப்போக நேற்று விமானம் வந்தது. அதற்குச் சற்று முன்னால் அவளுடைய அக்கா மகன் கிளிஃபர்ட் வந்தான். ஒரு குலத்துச் சித்திரங்களுக்குக் காவல், அந்தக் குலத்துப் பெண்கள் பெற்ற பிள்ளைகள்தான். அவன் சரியென்று சொல்லாமல் பட்டை நகராது.

"சின்னம்மா, திருக்கை கொழுகொழுன்னு இருக்கு, வாய் ஊறுது. ஆனா இந்த மூலையில இருக்கிற அலை உங்க குலத்துது இல்லையே. கழிமுகத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்களுது."

மேவிஸ் குனிந்து பார்த்தாள். உற்சாகத்தில் கை எல்லை தாண்டியிருந்தது. அடுத்தவர் அலையை வரைவது எங்களிடம் களவு.

"அடப்பாவி, நேத்தே சொல்லக்கூடாதா?"

"நேத்து நீ அந்த மூலைக்கே வரலையே!"

ஈரத்துணியால் அந்த மூலையைத் துடைத்தெடுத்தாள். பட்டை நகராமல் நான் பிடித்துக்கொண்டேன். தூரிகையோ தேய்ந்து மொட்டையாகியிருந்தது. பெண்களெல்லாம் சிப்பி பொறுக்கப் போயிருந்தார்கள். என் முடியைப் போன வாரமே அவள் ஒட்ட வெட்டிவிட்டாள். கிளிஃபர்டின் வழுக்கையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குறை சொல்ல மட்டும் வந்துட்டான், ஒத்த முடிக்கு வழியில்ல!"

தலைக்கு மேல் விமானம் இரைந்துகொண்டு இறங்கியது. இனி அது சரக்கு இறக்கும் நேரம்தான் மிச்சம். மேவிஸ் குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். சீப்பை எடுத்து முன்முடியை ஒருதரம் அழகாக வாரினாள். பிறகு மீன் கத்தியால் அதை அடியோடு அறுத்தாள்.